விண்மீன்களின் பிறப்புக் கணக்கு

இரவு நேரத்தில், வயல்வெளிக்கு அப்பால் வெகு தொலைவில் ஒரு கல்யாண ஊர்வலம் செல்வதாகக் கொள்வோம். நாம் நிற்கும் இடத்திலிருந்து ஆட்கள் தெரியவில்லை. தலையில் சுமந்து செல்லப்படும் பெட்ரோமாக்ஸ் விளக்குகள் மட்டும் வெண்புள்ளிகளாக நகர்கின்றன. ஒரு விளக்குக்கு இத்தனை பேர் என்று ஒரு விகிதத்தை மனத்தில் வைத்துக்கொண்டு விளக்குகளை எண்ணினால், ஊர்வலத்தில் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். தொலைதூரப் பேரடைகளில் விண்மீன்கள் எவ்வளவு விரைவாகப் பிறக்கின்றன என்று வானியலார் கணக்கிடும் முறையின் சாரம் இதுவே. இதில் பிழை நேர இரண்டு வழிகள் உண்டு. விளக்குக்கும் ஆளுக்குமான விகிதம் எல்லா ஊர்வலங்களுக்கும் ஒன்றாக இல்லாமற்போகலாம். வண்டிப்பாதையில் எழும் புழுதி, பாதி விளக்குகளை நம் கண்ணிலிருந்து மறைத்தும் விடலாம். எழுபது ஆண்டுகளாக இந்த இரண்டு ஐயங்களோடும் மனிதர்கள் நடத்திய போராட்டத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

(காலக்ஸியைப் ‘பேரடை’ என்று குறிப்பது தமிழில் சற்றுத் தாமதமாகவே பரவியது. பாடநூல்களில் வேறு சொற்களும் வழங்குகின்றன. தேனடையை நினைவூட்டுவதால் எனக்கு இச்சொல்லின்மீது ஒரு சாய்வு உண்டு, அதையே ஆள்கிறேன்.)

விளக்குகளை எண்ணுவது பிறப்புக் கணக்காக எப்படி ஆகும் என்ற கேள்வி நியாயமானது. விண்மீன்களின் ஆயுள் பற்றிய ஒரு விசித்திரமான உண்மையில் அதற்கு விடை இருக்கிறது. நிறை மிகுந்த விண்மீன் நீண்ட நாள் வாழ்வதில்லை. சூரியனுக்கு ஏறத்தாழ 1000 கோடி ஆண்டு ஆயுள். சூரியனைப் போல் இருபது மடங்கு நிறை கொண்ட விண்மீனோ ஒரு கோடி ஆண்டுகளுக்குள் எரிந்து தீர்ந்துவிடுகிறது. ஊதாரியின் செல்வம் போல, இருக்கும்வரை கண்ணைப் பறிக்கும் வெளிச்சம், பிறகு ஒன்றுமில்லை. ஆகவே ஒரு பேரடையில் இத்தகைய நீலநிறப் பெருமீன்கள் காணப்பட்டால், அவை அண்மையில்தான் பிறந்திருக்க வேண்டும். முதிய பேரடையில் அவை இரா. சிவந்த, நிதானமாக எரியும் சிறுமீன்களே எஞ்சியிருக்கும்.

இந்த நிறவேறுபாட்டை முதலில் தெளிவாகக் கண்டவர் வால்டர் பாடே. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க வானியலார் பலர் போர்ப்பணிக்குச் சென்றுவிட்டனர். பாடே ஜெர்மானியக் குடிமகன். எதிரிநாட்டவர் என்பதால் அவரை யாரும் அப்பணிக்கு அழைக்கவில்லை. மவுண்ட் வில்சன் மலையில் இருந்த நூறு அங்குலத் தொலைநோக்கி ஏறக்குறைய அவர் ஒருவருக்கே கிடைத்தது. போர்க்கால இருட்டடிப்பினால் கீழே லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் ஒளியும் அடங்கியிருந்தது. அந்த இருளில் அவர் ஆண்ட்ரோமீடா பேரடையின் மையப் பகுதியிலிருந்த விண்மீன்களைத் தனித்தனியே பிரித்துப் படமெடுத்தார். விண்மீன்களில் இரு குடிகள் உண்டு, ஒன்று இளையது, மற்றது முதியது என்ற அவருடைய முடிவு 1944இல் வெளிவந்தது.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் எட்வின் சால்பீட்டர். வியன்னாவில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பிக் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா சென்றவர். பின்னர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். கான்பெராவில் தங்கியிருந்த காலத்தில் எழுதி, 1955இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், விண்மீன்கள் பிறக்கும்போது எந்த நிறையில் எத்தனை பிறக்கின்றன என்ற விகிதத்தை எளிய சூத்திரமாகத் தந்தார். சம அளவுள்ள நிறை இடைவெளிகளை எடுத்துக்கொண்டால், பத்துச் சூரிய நிறையில் ஒன்று பிறக்கும்போது ஒரு சூரிய நிறையில் இருநூறுக்கும் மேற்பட்டவை பிறக்கின்றன. விளக்குக்கு இத்தனை ஆள் என்ற விகிதம் கிடைத்துவிட்டது. ஆனால் அது சூரியனின் சுற்றுப்புறத்திலுள்ள மீன்களை எண்ணிப் பெற்ற விகிதம். உலகெங்கும், எக்காலத்துக்கும் அது பொருந்தும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. பின்வந்தவர்கள் அதைத் திருத்தினார்கள். சிறுமீன்களின் எண்ணிக்கை சால்பீட்டர் சொன்ன அளவு பெருகவில்லை என்று கண்டார்கள். அந்தத் திருத்தத்தால் கணக்குகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. எனினும் நிறை மிகுந்த பக்கத்தில் அவர் கண்ட சரிவு பெருமளவு நிலைத்தே நிற்கிறது.

இவ்வளவு தெரிந்த பின்னும், தொலைவிலுள்ள பேரடைகளைப் பற்றி ஒரு பிடிவாதமான நம்பிக்கை நிலவியது: அவை மாறுவதில்லை, அல்லது மாறினாலும் கணக்கில் எடுக்கும் அளவுக்கு மாறுவதில்லை. பேரண்டத்தின் விரிவு எவ்வளவு வேகத்தில் தளர்கிறது என்று அளப்பது அக்காலத்தின் பெருங்கனவு. பாலோமர் மலையின் இருநூறு அங்குலத் தொலைநோக்கியைக் கொண்டு அதைச் செய்துவிடலாம் என்று ஆலன் சாண்டேஜ் நம்பினார். பேரடைக் கூட்டங்களில் மிகப் பிரகாசமான நீள்வட்டப் பேரடையைத் தேர்ந்தெடுப்பது. அவை எல்லாம் ஒரே ஒளி உடையவை என்று கொள்வது. மங்கலைக் கொண்டு தொலைவைக் காண்பது. இவை அவருடைய திட்டத்தின் படிகள். விளக்குகள் யாவும் ஒரே திரியில், ஒரே எண்ணெயில் எரிகின்றன என்ற அனுமானத்தின் மேல்தான் அத்திட்டம் முழுவதும் நின்றது.

அந்த அனுமானத்தை உடைத்தவர் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருவர்.

பியட்ரிஸ் டின்ஸ்லி 1941இல் இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் பிறந்து, நியூசிலாந்தில் வளர்ந்தவர். இயற்பியல் படித்து, உடன் படித்தவரையே மணந்து, கணவரின் வேலையின் பொருட்டு 1963இல் டெக்சாஸ் மாநிலத்தின் டல்லஸ் நகருக்கு வந்தார். தாம் விரும்பிய வானியல் ஆய்வுக்கு ஆஸ்டினில் உள்ள பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். டல்லஸுக்கும் ஆஸ்டினுக்கும் இடையே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். வாரந்தோறும் போய் வந்தே முனைவர் பட்ட ஆய்வை 1966இல் முடித்தார். 1968இல் அச்சான அதன் பொருள், பேரடைகளில் விண்மீன்களும் வாயுவும் அடையும் பரிணாமம்.

அவர் செய்த காரியத்தைச் சொன்னால் எளிதாகத் தோன்றும். ஒரு பேரடையை வாயுத் திரளாகத் தொடங்கி, இந்த வேகத்தில் விண்மீன்கள் பிறக்கட்டும் என்று ஒரு விதியை விதித்து, பிறந்த ஒவ்வொரு தலைமுறையையும் அதன் ஆயுள் முடியும்வரை கணிப்பொறியில் பின்தொடர்ந்தார். இறக்கும் மீன்கள் திருப்பித் தரும் வாயு, அதில் கலந்துவரும் கனத் தனிமங்கள், அடுத்த தலைமுறையின் நிறம் என ஒவ்வொன்றும் கணக்கில் வந்தது. அதன் வாயிலாக, ஒரு பேரடையின் இன்றைய நிறத்தைக் கொண்டு அதன் கடந்தகாலப் பிறப்பு வேகத்தை ஊகிக்கும் வழி திறந்தது. கூடவே சாண்டேஜின் கனவுக்கு ஓர் இடியும் விழுந்தது. பேரடைகள் இளமையில் அதிக ஒளியோடு இருந்து, வயதாக ஆக மங்குகின்றன. அந்த மங்கலைத் திருத்தாமல் பேரண்டத்தின் விரிவைப் பற்றிப் பேசினால், விடை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயும். சாண்டேஜ் இதை எளிதில் ஏற்கவில்லை. அன்று வானியலில் அவர் சொல்லுக்கு இருந்த எடை அப்படி. ஆனால் எழுபதுகளின் நடுவே டின்ஸ்லியின் பக்கமே வலுத்தது. 1974இல் அவர் காட், கன், ஷ்ராம் ஆகியோருடன் சேர்ந்து எழுதிய கட்டுரை, பேரண்டம் மீண்டும் சுருங்கும் அளவுக்கு அதில் பொருள் இல்லை என்று வாதிட்டது.

ஒரு மனிதரின் வாழ்க்கையை அவர் ஆய்வுக்கு அடிக்குறிப்பாக எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆயினும் இங்கே தவிர்க்க முடியவில்லை. டல்லஸில் அவருக்குத் தகுந்த நிலையான பதவி அமையவில்லை. தத்தெடுத்த இரண்டு குழந்தைகள் வீட்டில் இருந்தன. 1974இல் மணவாழ்வு முறிந்தது. குழந்தைகளைக் கணவரிடம் விட்டுவிட்டு யேல் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1978இல் அங்கே வானியல் பேராசிரியரானார். அப்பல்கலைக்கழகத்தில் அப்பதவியை ஏற்ற முதல் பெண் அவர். அதே ஆண்டு ரிச்சர்ட் லார்சனுடன் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில், மோதலுக்குள்ளாகி உருச்சிதைந்த பேரடைகளின் நிறங்கள் ஏன் தாறுமாறாக இருக்கின்றன என்பதற்கு விளக்கம் தந்தார். மோதும்போது வாயு அமுக்கப்பட்டு, சில கோடி ஆண்டுகளுக்குள் விண்மீன் பிறப்பு வெள்ளமாகப் பெருகுகிறது என்பது அவர்கள் கண்ட விடை. அதே ஆண்டில்தான் அவருக்குத் தோல் புற்றுநோய் என்பதும் தெரிய வந்தது. வலக்கை செயலிழந்தபின் இடக்கையால் எழுதக் கற்றுக்கொண்டார். கடைசிக் கட்டுரையை இதழுக்கு அனுப்பிய சில நாட்களில், 1981 மார்ச் 23 அன்று, நாற்பதாவது வயதில் இறந்தார். இன்று உலகில் எந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு பேரடையின் ஒளியைப் பிரித்து அதன் வயதைக் கணித்தாலும், அந்தக் கணிப்பின் அடியில் அவர் வகுத்த முறையே இருக்கிறது. நியூசிலாந்தில் ஒரு மலைச்சிகரத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அளவீட்டு முறைகளை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். பெருமீன்களின் கடும் புற ஊதாக் கதிர் சுற்றியுள்ள ஹைட்ரஜனைத் தாக்கி எலக்ட்ரான்களை உதிர்க்கிறது. அவை மீண்டும் கூடும்போது 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் செந்நிற ஒளி பிறக்கிறது. அதன் அளவு, கடந்த ஒரு கோடி ஆண்டுகளில் பிறந்த பெருமீன்களின் கணக்கு. புற ஊதா ஒளியையே நேராக அளந்தால் ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளின் சராசரி கிடைக்கும். தூசு விழுங்கிய ஒளி வெப்பமாகி வெளிப்படுவது அகச்சிவப்பில். அது மூன்றாவது வழி. ராபர்ட் கென்னிகட் 1983 முதல் அருகிலுள்ள பேரடைகளின் செந்நிற ஒளியைப் பொறுமையாக அளந்து, 1998இல் இம்முறைகளை எல்லாம் ஒரே கட்டுரையில் தொகுத்தார். அதன் வாய்பாடுகள் ஆயிரக்கணக்கான கட்டுரைகளில் எடுத்தாளப்பட்டன. விடை எப்போதும் ‘ஆண்டுக்கு இத்தனை சூரிய நிறை’ என்றே சொல்லப்படும். நம் பால்வீதியில் அது ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில்; முதிர்ந்த இல்லறத்தானின் நிதானம்.

ஆனால் தொலைவு கூடக்கூட இம்முறைகள் கையை விட்டு நழுவும். விரியும் பேரண்டத்தில் ஒளியின் அலைநீளமும் நீள்கிறது. இந்தச் செம்பெயர்ச்சியால், அந்தச் செந்நிறக் கோடு பழைய ஒளியுணரிகளுக்கு எட்டாத அகச்சிவப்புக்குப் போய்விடும். அதனினும் பெரிய இடர், வானத்தில் எண்ணற்ற மங்கற்புள்ளிகள் இருக்க, அவற்றுள் எது மிகத் தொலைவில் உள்ளது என்று கண்டுபிடிப்பது. ஒவ்வொன்றாக நிறமாலை எடுத்துப் பார்க்கப் பல ஆயுள் வேண்டும். சார்ல்ஸ் ஸ்டைடல் ஓர் எளிய உபாயத்தைக் கையாண்டார். 91.2 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளியை ஹைட்ரஜன் விழுங்கிவிடும். ஒளியின் அலைநீளம் நான்கு மடங்கு நீளும் தொலைவில் ஒரு பேரடை இருந்தால், அந்த வெட்டு 365 நானோமீட்டருக்கு அருகே வந்து விழும். அதாவது பச்சை, சிவப்பு வடிகட்டிகளில் தெரியும் பேரடை புற ஊதா வடிகட்டியில் காணாமற்போகும். அப்படிக் காணாமற்போனவற்றை மட்டும் பொறுக்கி, ஹவாய்த் தீவின் மவுனா கியா மலையிலுள்ள பத்து மீட்டர் கெக் தொலைநோக்கியில் நிறமாலை எடுத்தார். 1996இல் அந்த முடிவுகள் வெளிவந்தன. அவர் எதிர்பார்த்த தொலைவிலேயே அவை இருந்தன. ஒரு பொருள் தெரியாமற்போவதையே அதன் முகவரியாகக் கொண்ட இந்த உத்தி எனக்கு மிகவும் பிடித்தமானது.

அதே வேளையில் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி தன் புகழ்பெற்ற படத்தை எடுத்தது. 1990இல் ஏவப்பட்டு, ஆடிக் கோளாற்றால் கேலிக்கு ஆளாகி, 1993 டிசம்பரில் பழுது நீக்கப்பட்ட தொலைநோக்கி அது. அதன் ஆய்வு நிறுவன இயக்குநர் ராபர்ட் வில்லியம்ஸ், தம் விருப்புரிமையில் இருந்த நேரத்தை எல்லாம் சேர்த்து, சப்தரிஷி மண்டலத்தருகே ஒன்றுமே இல்லாதது போல் தோன்றிய ஒரு புள்ளியை நோக்கித் திருப்பினார். பெரிதாக ஒன்றும் தெரியாது என்று கணித்தவர்கள் உண்டு. ஜான் பாகால் போன்ற பெரியவர்கள் 1990லேயே அச்சில் அப்படிச் சொல்லியிருந்தார்கள். 1995 டிசம்பர் 18 முதல் 28 வரை பத்து நாட்கள், 342 படங்கள். நூறு மீட்டர் தொலைவில் வைத்த டென்னிஸ் பந்தின் அளவேயான அந்தத் துண்டு வானத்தில் ஏறத்தாழ 3000 பேரடைகள் இருந்தன. வில்லியம்ஸ் செய்த இன்னொரு நற்செயல், தரவுகளைப் பூட்டி வைக்காமல் சில வாரங்களிலேயே உலகுக்குத் திறந்துவிட்டது. முடிவுகளைத் தம் குழுவுக்கென்று ஓராண்டு வைத்துக்கொள்வது அன்றைய வழக்கம்.

அந்தப் படத்தை ஸ்டைடலின் உத்தியால் சலித்து, பியரோ மடாவ் என்ற இத்தாலியரும் அவருடைய கூட்டாளிகளும் 1996இல் ஒரு வரைபடம் வரைந்தார்கள். கிடைமட்டத்தில் காலம், செங்குத்தில், பேரண்டத்தின் குறிப்பிட்ட பருமனுக்குள் ஆண்டுக்குப் பிறக்கும் விண்மீன்களின் நிறை. அருகிலுள்ள பாதி, சைமன் லில்லியும் அவர் குழுவினரும் அதே ஆண்டு வெளியிட்ட கனடா-பிரெஞ்சு ஆய்விலிருந்து வந்தது. கடந்த 800 கோடி ஆண்டுகளில் விண்மீன் பிறப்பு ஏறத்தாழ பத்தில் ஒன்றாகச் சரிந்துவிட்டது என்று அது காட்டியிருந்தது. மடாவின் புள்ளிகள் மறுமுனையிலும் சரிவைக் காட்டின. இரண்டையும் இணைத்தால் நடுவே ஒரு குன்று. பேரண்டத்துக்கு ஒரு குழந்தைப் பருவமும், ஓர் இளமைக் கொந்தளிப்பும், ஒரு முதுமையும் உண்டு என்பது ஒரே தாளில் அடங்கிவிட்டது. மாநாடுகளில் அந்த வரைபடம் இல்லாத உரையே இல்லை என்றாயிற்று.

புழுதியைப் பற்றிய ஐயம் அங்கேதான் மீண்டும் எழுந்தது. மடாவ் தம் கட்டுரையில் அவ்வெண்களைக் கீழெல்லைகள் என்றே எச்சரிக்கையோடு குறித்திருந்தார். ஆனால் வரைபடங்கள் எச்சரிக்கைகளை விட வேகமாகப் பயணம் செய்பவை. ஏட்டுச்சுவடிகளில் நமக்குக் கிடைத்தவற்றை மட்டும் எண்ணி, ஒரு நூற்றாண்டில் இவ்வளவுதான் எழுதினார்கள் என்று முடிவுகட்டும் இலக்கிய வரலாறுகளைப் படித்தவர்களுக்கு இந்த மயக்கம் புதியதல்ல.

விண்மீன்கள் பிறப்பதே தூசு செறிந்த முகில்களுக்குள். பிறப்பு மிகும் இடத்தில் தூசும் மிகும். எங்கே விளக்குகள் அதிகமோ அங்கேயே மறைப்பும் அதிகம். 1983இல் அமெரிக்கா, நெதர்லாந்து, பிரிட்டன் சேர்ந்து ஏவிய ஐராஸ் என்னும் அகச்சிவப்புத் துணைக்கோள் பத்து மாதங்களே வேலை செய்தது. அதற்குள், கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியும் சில பேரடைகள் அகச்சிவப்பில் நூறு மடங்கு ஒளிர்வதைக் காட்டிவிட்டது. 1996இல் கோபி துணைக்கோளின் தரவுகளைத் துழாவிய பிரெஞ்சுக் குழு ஒன்று, வானம் முழுவதும் மெல்லிய அகச்சிவப்பு ஒளி பரவியிருப்பதைக் கண்டது. பேரண்ட வரலாற்றில் விண்மீன்கள் உமிழ்ந்த ஒளியில் ஏறத்தாழ பாதி, தூசால் விழுங்கப்பட்டு வெப்பமாக வெளிவந்திருக்கிறது என்பது அதன் பொருள். கணக்கேட்டில் பாதி வரவு எழுதப்படவே இல்லை.

அந்த விடுபட்ட பாதியைத் தேடியவர்கள் மவுனா கியாவிலேயே இருந்த பதினைந்து மீட்டர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் தொலைநோக்கியில் ஸ்கூபா என்ற கருவியைப் பொருத்தினார்கள். மில்லிமீட்டரை விடச் சற்றுக் குறைந்த அலைநீளத்தில் பார்க்கும் கருவி. இந்த அலைநீளத்தில் இயற்கையே ஒரு சலுகை தருகிறது: பேரடை விலகிச் செல்லும்போது அதன் மங்கலும், செம்பெயர்ச்சியால் அதன் பிரகாசமான பகுதி நம் கருவியின் எல்லைக்குள் நகர்ந்து வருவதும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். பத்து மடங்கு தொலைவிலுள்ளதும் ஏறத்தாழ அதே ஒளியோடு தெரியும். 1998இல் டேவிட் ஹியூஸ் குழுவினர் ஹபிள் படமெடுத்த அதே துண்டு வானத்தை ஸ்கூபாவால் பார்த்தார்கள். மூவாயிரம் பேரடைகள் இருந்த இடத்தில் ஐந்து மட்டும் தெரிந்தன. அவற்றுள் மிகப் பிரகாசமானது நின்ற இடத்தில், ஹபிள் படத்தில் ஒன்றுமே இல்லை.

அதற்கு எச்டிஎஃப் 850.1 என்று பெயரிட்டார்கள். ஒளியியலில் தெரியாததால் நிறமாலை எடுக்க வழியில்லை, தொலைவும் தெரியவில்லை. அது இன்னது, இங்கே இருக்கிறது என்று சொல்லப் பதினான்கு ஆண்டுகள் பிடித்தன. 2012இல் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையிலுள்ள வானொலி அலைவாங்கிகளின் துணையோடு ஃபேபியன் வால்டரின் குழு, கார்பன் மோனாக்சைடு, கார்பன் ஆகியவற்றின் கோடுகளைப் பிடித்தது. பேரண்டத்துக்கு ஏறத்தாழ 110 கோடி ஆண்டே வயதாகியிருந்த காலத்தைச் சேர்ந்த பேரடை அது. ஆண்டுக்குச் சுமார் 850 சூரிய நிறையளவு விண்மீன்களை ஈன்றுகொண்டிருந்தது. பால்வீதியை நினைத்துப் பாருங்கள். உலகம் அதுவரை பார்த்தவற்றிலேயே ஆழமான படத்தின் நடுவில், அத்துண்டின் மிகப் பெரிய பிரசவக் களம், யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. அதன் விண்மீன் ஒளி பின்னர் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிக்கு ஒருவாறு புலப்பட்டது.

இதற்கிடையில் வரைபடத்தின் தொலைமுனைச் சரிவும் ஆட்டம் கண்டது. 1999இல் ஸ்டைடல், ஹபிளின் சிறு துண்டை விடப் பல மடங்கு பெரிய பரப்பைத் தரையிலிருந்தே ஆராய்ந்து, அவ்வளவு செங்குத்தான வீழ்ச்சி இல்லை என்றார். ஒரு தெருவைப் பார்த்து ஊரை எடைபோட்டதன் விளைவு அது. புற ஊதா நிறத்தின் சிவப்பைக் கொண்டே தூசின் அளவை ஊகித்துத் திருத்தும் முறையையும் மியூரர், ஹெக்மன், கால்செட்டி ஆகியோர் அதே ஆண்டு வகுத்தளித்தனர். பிறகு வந்த ஸ்பிட்சர், ஹெர்ஷல் துணைக்கோள்கள் எண்களைச் செம்மைப்படுத்தின. அந்த நீண்ட திருத்தல்களை விவரித்தால் கட்டுரை தாங்காது.

2014இல் மடாவ், மார்க் டிக்கின்சனுடன் சேர்ந்து பதினெட்டு ஆண்டுக் கணக்கையும் திரும்ப எழுதினார். குன்று நிலைத்திருந்தது, அதன் உச்சி நகர்ந்து, உயர்ந்திருந்தது. பெருவெடிப்புக்குப் பின் 350 கோடி ஆண்டுகள் அளவில், அதாவது இன்றைக்கு ஏறத்தாழ 1000 கோடி ஆண்டுகளுக்கு முன், விண்மீன் பிறப்பு உச்சத்தில் இருந்தது. அன்றைய வேகம் இன்றையதைப் போல் ஒன்பது மடங்கு. இன்றுள்ள விண்மீன் நிறையில் பாதி, ஏறத்தாழ 900 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிறந்துவிட்டது. நம் சூரியன் 460 கோடி ஆண்டுகளுக்கு முன் பிறந்தபோது, முக்கால் பங்குக்கு மேல் பிறந்து முடிந்திருந்தது. பந்தி முடியும் வேளையில் வந்து அமர்ந்த விருந்தாளி நம் சூரியன்.

இந்தக் கணக்கு மெய்தானா என்று தணிக்கை செய்ய ஒரு நேர்வழி உண்டு. பிறப்பு வேகத்தைக் காலம் முழுதும் கூட்டினால் வரும் தொகை, இன்று எண்ணிப் பார்க்கும் விண்மீன்களின் மொத்த நிறையோடு ஒத்துப்போக வேண்டும். இறந்தவை திருப்பித் தந்த வாயுவைக் கழித்துக்கொள்ளலாம். 2006 அளவில் கூட்டுத்தொகை கையிருப்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்காக நின்று எல்லோரையும் சங்கடப்படுத்தியது. சால்பீட்டரின் விகிதம் பண்டைக் காலத்தில் வேறாக இருந்திருக்குமோ என்று எழுதியவர்களும் உண்டு. 2014இல் இடைவெளி குறுகியது, முற்றிலும் மறையவில்லை. 2018இல் முற்றிலும் வேறான ஒரு சான்று வந்தது. தொலைவிலுள்ள 739 பிளேசர்களிலிருந்து வரும் காமாக் கதிர்கள், வழியில் விண்மீன் ஒளியோடு மோதி எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பதை ஃபெர்மி துணைக்கோள் அளந்திருந்தது. தேய்மானத்திலிருந்து, பேரண்டத்தின் வெவ்வேறு காலங்களில் எவ்வளவு விண்மீன் ஒளி நிறைந்திருந்தது என்று மார்கோ அயெல்லோவின் குழு கணக்கிட்டது. ஒரு விளக்கையும் எண்ணாமல் பெற்ற விடை. அதிலும் அதே குன்று, ஏறக்குறைய அதே இடத்தில் எழுந்தது.

உச்சிக்குப் பின் ஏன் இந்தச் சரிவு? இதற்கு விடை தேடியதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. விண்மீனுக்கு மூலப்பொருள் ஹைட்ரஜன் வாயு. அது 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் உமிழும் மெல்லிய வானொலி அலையைத் தொலைதூரத்துத் தனிப் பேரடைகளிலிருந்து பிடிப்பது அரிதினும் அரிது. புனே அருகே கோடாடில் உள்ள முப்பது அலைவாங்கிகள் கொண்ட ஜி.எம்.ஆர்.டி. தொலைநோக்கியின் துணையோடு ஆதித்ய சௌதுரி, நிசிம் கனேகர், ஜெயராம் செங்கலூர் ஆகியோரும் பெங்களூரின் இராமன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சிவ் சேத்தி, துவாரகநாத் ஆகியோரும் 7653 பேரடைகளின் குறிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, 2020இல் அந்த ஒலிப்பைக் கேட்டனர். ஏறத்தாழ 780 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பேரடைகள் அவை. அவற்றில் வாயு நிறையவே இருந்தது. ஆனால் அவை செலவழித்த வேகத்தில் ஒன்று அல்லது இரண்டு நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் அது தாங்காது. வெளியிலிருந்து புது வாயு போதிய வேகத்தில் வந்து சேரவில்லை. விளைச்சல் குறைந்ததற்கு நீர்வரத்து குறைந்ததே காரணம் என்பது போல.

2021 டிசம்பர் 25 அன்று ஜேம்ஸ் வெப் ஏவப்பட்டபின், கதை தன் தொடக்கத்துக்குத் திரும்பியிருக்கிறது. முதற் படங்களிலேயே, எதிர்பார்த்ததைவிட அதிகமான பிரகாசப் பேரடைகள் மிகப் பழைய காலத்தில் தென்பட்டன. அவற்றுள் சில பொய்த்தன. பேரண்டத்துக்கு 25 கோடி ஆண்டே ஆன காலத்தினது என்று 2022இல் பேசப்பட்ட ஒன்று, 2023இல் நிறமாலை எடுத்துப் பார்த்தபோது ஏறத்தாழ 120 கோடி ஆண்டுக் காலத்தினது என்று தெரிந்தது. தூசும் வாயு ஒளியும் சேர்ந்து அதற்குப் பொய்முகவரி கொடுத்திருந்தன. பல நிலைத்தன. 2024இல் அறிவிக்கப்பட்ட ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற பேரடை, பெருவெடிப்புக்குப் பின் 30 கோடி ஆண்டுகள்கூட ஆகாத காலத்தது. அதிலேயே ஆண்டுக்கு இருபது சூரிய நிறை அளவில் பிறப்பு நடந்துகொண்டிருந்தது.

இவ்வளவு ஒளி எங்கிருந்து வந்தது என்பதில் இன்று ஒருமித்த கருத்து இல்லை. அக்காலத்தில் தூசு மிகக் குறைவாக இருந்து விளக்குகள் மறைப்பின்றித் தெரிந்தன என்பர் சிலர். பிறப்பு சீராக நடவாமல் வெடிப்பு வெடிப்பாக நடந்தது, நாம் வெடிப்பின் கணத்தில் இருந்தவற்றையே காண்கிறோம் என்பர் வேறு சிலர். மூன்றாவது கருத்துத்தான் அடித்தளத்தையே தொடுவது. கனத் தனிமங்கள் கலவாத அந்த ஆதி வாயுவிலிருந்து பிறந்தபோது பெருமீன்கள் இன்றுள்ள விகிதத்தைவிட அதிகமாகப் பிறந்திருக்கலாம் என்கிறது அது. அப்படியானால் ஊர்வலத்தில் ஆட்கள் குறைவு, விளக்குகள்தாம் அதிகம். 1955இல் கான்பெராவில் எழுதிய விகிதத்தை அங்கே பயன்படுத்தியது பொருந்தாது. என் சாய்வு முதலிரண்டின் பக்கம். ஏனென்றால் விகிதத்தை மாற்றுவது எல்லா முரண்களையும் எளிதில் தீர்த்துவிடும் மருந்து. 2006இலும் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்கள். ஆயினும் அது வானியலார் தீர்க்க வேண்டிய வழக்கு.

2025இல் சிலி நாட்டின் ஆல்மா தொலைநோக்கியால் அதே ஜேட்ஸ் பேரடையை இரு குழுக்கள் தனித்தனியே ஆராய்ந்தன. இரண்டும் அதில் ஆக்சிஜனைக் கண்டன. ஆக்சிஜன் பெருவெடிப்பில் உண்டாவதில்லை. விண்மீன்களின் வயிற்றில் சமைக்கப்பட்டு, அவை இறக்கும்போது சிதறுவது. நாம் காணும் அந்த மிகப் பழைய விளக்குகளுக்கும் முன்பே ஒரு தலைமுறை ஏற்றப்பட்டு, எரிந்து, அணைந்திருக்கிறது.